தட்டிக்கு அந்தப் பக்கத்து வகுப்பு

பையை இப்படிக் கொடுங்கள், என் மடியில் இருக்கட்டும். ஆலங்குளத்தில் ஏறி உட்கார இடம் கிடைத்ததே பெரிய காரியம். பாப்பா ஜன்னல் ஓரமாக இருக்கட்டும். சாரல் அடித்தால் கண்ணாடியை இறக்கிவிடம்மா.

ஃபைலைப் பார்த்ததுமே நினைத்தேன். பிளஸ் ஒன் சேர்க்கைதானே? எந்தப் பள்ளி? டவுனிலா? அம்மன் சன்னதி போகும் வழியில், பெரிய வேப்பமரம் நிற்கிற பெண்கள் பள்ளியா?

அதுவா.

அங்கே இங்கிலீஷ் யார் நன்றாக எடுப்பார்கள் என்று கேட்கிறீர்கள். கேட்க வேண்டிய ஆளிடம்தான் கேட்டீர்கள். அந்தப் பள்ளியில் முப்பத்தோரு வருஷம் இங்கிலீஷ் எடுத்தவள் நான். பிரேமாவதி டீச்சர் என்று டவுனில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். போன மாதம்தான் ஓய்வு. தென்காசியில் தங்கை வீட்டில் நான்கு நாள் இருந்துவிட்டுத் திரும்புகிறேன்.

இரண்டு பிரிவு உண்டு. பி பிரிவு என்னுடையது. இனி யாரோ புதிதாக வருவார்களாம். ஏ பிரிவு எஸ்தர். எஸ்தர் கிருபா. நாசரேத்துப் பக்கத்துப் பெண். எதில் சேர்க்கலாம் என்று இப்போதே கேட்காதீர்கள். பேட்டை வருவதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன், கேட்டுவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள். நான் ஒருவரைப் பற்றிக் குறை சொல்கிறவள் அல்ல. நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் நான் எப்படி எடுப்பேன் என்று சொல்ல வேண்டும். ஒரு கவிதை என்றால் முதலில் அருஞ்சொற்கள். பிறகு சுருக்கம், அதை நான் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதுவார்கள். பிறகு சிமிலி எது, மெட்டஃபர் எது, அலிட்டரேஷன் எது. வரியின் கீழே கோடு, கோட்டின் கீழே பெயர். பொதுத்தேர்வில் கவிதை நயம் கேட்கிற கேள்வியில் என் பிள்ளைகள் யாரும் மதிப்பெண் விட்டது கிடையாது. வகுப்பில் குண்டூசி விழுந்தால் கேட்கும். அந்த அமைதியைக் கேட்டுத்தான் இன்ஸ்பெக்ஷன் வருகிறவர்கள் வாசலிலேயே தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

இவள் மூன்று வருஷத்துக்கு முன்னால் வந்தாள். ஒல்லியான உருவம், தோளில் ஒரு ஜோல்னாப் பை. அந்தப் பையில் இங்கிலீஷ் புத்தகத்தைத் தவிர எல்லாம் இருக்கும். தீபாவளிக்கு ஜவுளிக்கடைக்காரன் வீட்டுக்கு வீடு போடுகிற நோட்டீஸ் இருக்கும். பல்வலித் தைலத்து டப்பா இருக்கும். ஒருநாள் ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டில் முறுக்கு விற்கிறவன் கூவுவதை போனில் பதிவு செய்துகொண்டு வந்து வகுப்பில் போட்டாள். முறுக்குக்காரனை. பிளஸ் டூ இங்கிலீஷ் வகுப்பில்.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், இரண்டு வகுப்புக்கும் நடுவில் சுவர் கிடையாது. மரத்தட்டிதான். ஆண்டு விழாவுக்கு அதை மடக்கிவிட்டால் ஒரே ஹாலாகிவிடும். அந்தத் தட்டி வழியாக எல்லாம் கேட்கும். நான் காது கொடுத்துக் கேட்டேன் என்று நினைக்காதீர்கள். கரும்பலகைக்கும் தட்டிக்கும் நடுவில்தான் என் நாற்காலி.

அவள் கேட்பாள்: "இவரு யாருகிட்ட பேசுதாரு? அவங்க என்ன செய்யணும்னு நெனைக்காரு? எதைச் சொல்லாம விட்டுட்டாரு?" எந்தப் பாடமானாலும் இந்த மூன்று கேள்விதான். நோட்டீசுக்கும் இதே கேள்வி, கவிதைக்கும் இதே கேள்வி. பாடத்தில் ஒரு பெரிய தலைவரின் மேடைப் பேச்சு உண்டு. அதற்கும் இதே கேள்வி.

பிள்ளைகள் கத்துவார்கள். "மிஸ், 'கடைசி மூணு நாள்'னு போட்டிருக்கான். போன வருசமும் கடைசி மூணு நாள்தான் மிஸ், எங்க சித்தி வாங்குனா." உடனே சிரிப்பு. "அப்ப அந்த வார்த்தை உன்னை என்ன செய்யுது?" "ஓடவைக்குது மிஸ்." "யோசிக்க விடுதா?" "விடலை மிஸ்." மறுபடியும் சிரிப்பு. பெஞ்சுகள் நகரும். இந்தப் பக்கம் என் பிள்ளைகள் கோடு போட்டுக்கொண்டிருப்பார்கள். தலை குனிந்துதான் இருக்கும். ஆனால் வாய் மட்டும் அந்தப் பக்கத்துச் சிரிப்புக்குச் சிரிக்கும். தட்டியோரம் உட்கார ஒரு சண்டையே நடந்தது. "ஏட்டி, இன்னிக்கு என் முறைலா" என்று ஒருத்தி இன்னொருத்தியை இடித்துத் தள்ளினாள். நான் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கப் பிரியப்படுகிறார்கள் என்றுதான் ஒரு வாரம் நினைத்திருந்தேன்.

அவளிடம் சாதாரணமாகத்தான் இருந்தேன். மத்தியானம் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவோம். அவள் மீன் குழம்பு கொண்டுவருவாள். நான் மீன் சாப்பிடுகிறவள்தான். ஆனாலும் அவள் டப்பா என் பக்கம் வரும்போது, "இன்று சஷ்டி" என்பேன். தையல் டீச்சர் ஆவுடையம்மாளுக்கு வாய் நீளம். "எந்த ஊர்லயும் வாரத்துல மூணு சஷ்டி வராது டீச்சர். வயிறு எரிஞ்சா மோரைக் குடிங்க" என்றாள். எனக்கு அசிடிட்டி உண்டு, அதைச் சொன்னாள்.

இரண்டாம் வருஷம் எச்.எம். கூப்பிட்டனுப்பினார். ஏ பிரிவு இருபத்திரண்டு வருஷமாக என்னுடையது. ஏ பிரிவு என்றால் பிரேமாவதி, அதுதான் வழக்கம். "டீச்சர், இன்னும் ரெண்டு வருசந்தானே. பி பிரிவு எடுத்துக்கிட்டுக் கொஞ்சம் ஆசுவாசமா இருங்களேன்" என்றார். இந்த வாக்கியத்தைப் பாருங்கள். 'ஆசுவாசமா' என்ற சொல் யாருக்காகப் போட்டது? எனக்காகவா, அவருக்காகவா? எதைச் சொல்லாமல் விட்டார்? பார்த்தீர்களா, இதையெல்லாம் பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியாதா? முறுக்குக்காரன் வந்துதான் சொல்லித்தர வேண்டுமா?

சரி, அதையும் பொறுத்தேன். நான் சொல்ல வந்தது வாழ்த்து மடல் விஷயம்.

எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம். ஒருவர் ஓய்வு பெற்றால், ஒரு மாணவி மேடையில் ஆங்கிலத்தில் வாழ்த்து மடல் வாசிப்பாள். தங்க எழுத்தில் அச்சடித்து, கண்ணாடி போட்டு, ஒன்றை அவருக்குக் கொடுப்பார்கள், இன்னொன்றைப் பிரார்த்தனை ஹாலில் மாட்டுவார்கள். மூன்று சுவர் நிறைய இருக்கிறது. பெரிய எச்.எம்., சின்ன எச்.எம்., தமிழாசிரியை, பி.டி. டீச்சர், ஆபீஸ் கிளார்க், எல்லோரும் இருக்கிறார்கள். அத்தனையும் நான் எழுதியது. எழுதியவர் பெயர் போடுவதில்லை, அது மரபு. மெழுகுவர்த்தி, ஏணி, கலங்கரை விளக்கம், ஆலமரம் என்று எல்லா அணியும் இருக்கும். வாசித்து முடித்ததும் மேடையில் உட்கார்ந்திருப்பவர் கண்ணைத் துடைக்காத விழாவே கிடையாது.

போன தீபாவளி கழிந்து ஒருநாள் ஹால் பக்கம் போகிறேன், உள்ளே சிரிப்புச் சத்தம். அவள் தன் வகுப்பு முழுவதையும் அழைத்து வந்து அந்தக் கண்ணாடிச் சட்டங்களின் முன்னால் நிறுத்தியிருந்தாள். கரும்பலகை ஒன்றை இழுத்துப் போட்டு எழுதியிருந்தாள்: 'இந்த ஒருவருக்கு மட்டும் பொருந்துகிற ஒரு வாக்கியத்தைக் கண்டுபிடியுங்கள்.'

பிள்ளைகள் சுவர் சுவராகத் தேடுகிறார்கள், கோவிலில் கல்வெட்டு பார்க்கிற மாதிரி. ஒருத்தி, முத்துப்பேச்சி என்று பெயர், ராமையன்பட்டியிலிருந்து சைக்கிளில் வருகிறவள், கைதூக்கினாள். "மிஸ், பி.டி. டீச்சருக்கு மென்மையான குரலாம்லா." ஹாலே அதிர்ந்தது. பி.டி. சரஸ்வதி டீச்சர் விசில் ஊதாமல் கூப்பிட்டாலே ரத வீதியில் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அது உண்மைதான். ஆனால் வாழ்த்து மடலில் அப்படியா எழுத முடியும்? மென்மையான குரல் என்பது அலங்காரம். அலங்காரத்தை அப்படியே பிடித்துக்கொள்ளக் கூடாது.

"மெழுகுவர்த்தி எத்தனை பேரு?" என்று இவள் கேட்கிறாள். "எல்லாரும் மிஸ்." "கிளார்க் சாருமா?" "அவரும் உருகுதாரு மிஸ்." மறுபடியும் சிரிப்பு.

பிறகு அவள் அந்த மூன்று கேள்வியைக் கேட்டாள். கடைசிக் கேள்விக்கு முத்துப்பேச்சி, "எழுதினவங்களுக்கு இவங்க யாரையும் தெரியாது மிஸ்" என்றாள்.

நான் கதவுக்கு வெளியே நின்றிருந்தேன். அவர்கள் என்னைப் பார்க்கவில்லை.

தெரியாதாம். முப்பது வருஷம் ஒரே அறையில் உட்கார்ந்து சாப்பிட்டவர்களை எனக்குத் தெரியாதாம்.

அன்று சாயங்காலமே ஆவுடையம்மாள் அவளிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள், அதெல்லாம் பிரேமாவதி டீச்சர் எழுதினது என்று. மறுநாள் காலையில் மணி அடிப்பதற்கு முன்பே ஸ்டாஃப் ரூமில் என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது. "டீச்சர், எனக்குச் சத்தியமா தெரியாது. ரொம்பப் பழசு, யாரோ ஒருத்தர் எழுதினதுன்னு நெனச்சேன். மன்னிச்சிருங்க" என்றாள். பழசு. அதைத்தான் சொன்னாள். மன்னிப்புக் கேட்கும்போதும் அவளுக்கு வாயில் உண்மைதான் வருகிறது, அதுதான் அவளுடைய பெரிய குறை. "எதுக்கும்மா மன்னிப்பு, நான் என்ன நினைக்கப்போகிறேன்" என்றேன். சொல்லிவிட்டு, அவள் டம்ளருக்குப் பக்கத்தில் இருந்த என் டம்ளரை எடுத்து வேறு அலமாரியில் வைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி கடைசியில் எனக்குப் பிரிவு விழா. பிள்ளைகள் பரீட்சைக்குப் போவதற்கு முன்னால் வைத்துவிடுவார்கள். இப்போது பாருங்கள் சிக்கலை. எல்லோருக்கும் மடல் எழுதியவள் நான். எனக்கு யார் எழுதுவது? நான் எழுதிக் கொடுத்தேன். சிரிக்காதீர்கள். ஒரு மாதிரிக்காகத்தான். பெயர் போடாமல், 'உதவியாக இருக்கும்' என்று எச்.எம். மேஜையில் வைத்தேன். அதைவிடச் சிறப்பாக நான் எதையும் எழுதியதில்லை. அந்தி வானம் வரும், கரை திரும்பும் படகு வரும். எச்.எம். திருப்பிக் கொடுத்துவிட்டார். "எஸ்தர் பிள்ளைகளை வெச்சே எழுத வெச்சிட்டாங்க டீச்சர். ஏ பிரிவு, பி பிரிவு ரெண்டும் சேர்ந்து ஒரு வாரமா உக்காந்து எழுதுதுக" என்றார். அந்த ஒரு வாரமும் தட்டிக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. என் பிள்ளைகளையும் மத்தியானம் அங்கே கூப்பிட்டுக்கொண்டாள். அத்தனை பேர் இருந்தும் குண்டூசி விழுந்தால் கேட்கிற அமைதி. அதுவும் இப்போது அவளுக்கு வந்துவிட்டது.

விழா மேடையில் முத்துப்பேச்சி வாசித்தாள். ஆங்கிலத்தில்தான். உங்களுக்காகத் தமிழில் சொல்கிறேன்.

'பிரேமாவதி டீச்சர் நாற்காலியில் உட்காரும் முன் கைக்குட்டையால் துடைப்பார்கள். எழுந்து போகும்போதும் துடைப்பார்கள், அடுத்து வருகிறவர்களுக்காக. எங்கள் இங்கிலீஷ் நன்றாக இருக்கிறது என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் எங்கள் நோட்டில் சிவப்பு மை படாத பக்கம் ஒன்றுகூட இல்லை. நாங்கள் எழுதிய ஒவ்வொரு வரியையும் எங்கள் அம்மாக்கள்கூடப் படித்ததில்லை, டீச்சர் படித்திருக்கிறார்கள். மழை நாளில் ராமையன்பட்டிப் பிள்ளைகளைக் கடைசி மணி அடிக்கும் முன்பே அனுப்பிவிடுவார்கள், அதை எச்.எம்.மிடம் சொல்ல மாட்டார்கள். கடலுக்குப் போன தகப்பன் திரும்பாத கவிதையை வாசித்த அன்று டீச்சர் நான்காவது வரியில் நின்றுவிட்டார்கள். ஜன்னலைப் பார்த்தார்கள். நாங்கள் காத்திருந்தோம். பிறகு, அந்த வரியில் உள்ள அணி என்ன என்று கேட்டார்கள். எங்களுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் யாரும் சொல்லவில்லை.'

அவ்வளவுதான். முடிந்துவிட்டது.

இது வாழ்த்து மடலா, நீங்களே சொல்லுங்கள். ஒரு உவமை உண்டா? உருவகம் உண்டா? கைக்குட்டையைப் போய்த் தங்க எழுத்தில் அடிப்பார்களா? அந்தக் கவிதை விஷயம் சுத்தமாகத் தப்பு. எனக்குச் சாக்பீஸ் தூசி ஒத்துக்கொள்ளாது, அதனால் நின்றேன். என் வீட்டுக்காரர் மஸ்கட்டுக்குப் போனது விமானத்தில். கப்பலில் இல்லை. அதனால் அந்தக் கவிதைக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

எப்படி முழுவதும் மனப்பாடமாகச் சொல்கிறேன் என்கிறீர்களா? பிழை தேடுவதற்காகப் பலமுறை படிக்க வேண்டியிருந்தது. அதனால் பதிந்துவிட்டது.

பிழை இருந்தது. காலம் மாறி ஒரு வினைச்சொல். ஏற்புரை சொல்ல எழுந்தேன். நான் தயார் செய்திருந்த பேச்சு நினைவுக்கு வரவில்லை, ஹாலில் அவ்வளவு வெக்கை. "மூன்றாவது வாக்கியத்தில் வினைச்சொல்லின் காலம் தவறு. பெர்ஃபெக்ட் டென்ஸ் வர வேண்டும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். பிள்ளைகள் எழுந்து நின்று கைதட்டினார்கள் பாருங்கள், நிறுத்தவே இல்லை. பிழையைப் பிடித்ததற்கு அத்தனை கைதட்டலா என்று எனக்கே ஆச்சரியம். இலக்கணத்துக்கு இன்னும் மதிப்பு இருக்கத்தான் செய்கிறது. கடைசி வரிசையில் எஸ்தர் நின்றிருந்தாள், முந்தானையை வாயில் வைத்து அழுதுகொண்டிருந்தாள். தன் மேற்பார்வையில் பிழை வந்துவிட்டதே என்ற வெட்கமாக இருக்கும்.

எங்களுக்குள் அப்புறம் பெரிதாகப் பேச்சில்லை. ஒருநாள் மட்டும், நான் கேட்காமலே, ஒரு கிண்ணத்தில் குழம்பு ஊற்றி என் முன்னால் வைத்துவிட்டுப் போனாள். அன்று உண்மையிலேயே சஷ்டி. சாப்பிட்டுவிட்டேன். உப்பு தூக்கல்.

சேர்த்துப் பாருங்கள் இப்போது. பாடப் புத்தகத்தை எடுப்பதில்லை. சுருக்கம் சொல்லித் தருவதில்லை. வகுப்பு சந்தைக்கடை. ஒரு கவிதைக்கு ஒரு மாதம் எடுத்துக்கொள்வாள், பிள்ளைகள் கேட்டால் ஐந்தாவது மாதம்கூட அதற்கே திரும்பிப் போவாள். தப்பாகச் சொன்ன பிள்ளையிடம், "அது தப்பில்ல, அது இன்னும் பாதி வழி" என்பாள். தனக்குத் தெரியாததைப் பிள்ளைகள் முன்னாலேயே "எனக்குத் தெரியல" என்று சொல்லிவிடுவாள், மறுநாள் எங்கிருந்தாவது கேட்டுக்கொண்டு வருவாள். காய்ச்சலோடு வந்து நின்றுகொண்டே பாடம் எடுப்பாள், உட்கார்ந்தால் கடைசி பெஞ்சு முகம் தெரியாதாம். இப்படிப்பட்டவளிடம் பிள்ளையை ஒப்படைத்தால்...

என்னம்மா? நீயா பேசினாய்? தூங்குகிறாய் என்று நினைத்தேன்.

ஏ பிரிவா?

இத்தனை நேரம் நான் சொன்னதைக் கேட்டுவிட்டா? அம்மா, உங்கள் பெண் ஏ பிரிவு என்கிறாள். நீங்களும் தலையாட்டுகிறீர்கள். இருங்கள், இருங்கள். நான் அந்த டீச்சரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லையே. எந்த வாக்கியத்தில் உனக்கு அப்படித் தோன்றியது? சொல், தெரிந்துகொள்கிறேன். இங்கிலீஷ் டீச்சர் இல்லையா, எது எங்கே வேலை செய்தது என்று எனக்குத் தெரிய வேண்டும்.

எல்லாமா?

நான் சொன்ன எதுவும் வேறொருவருக்குப் பொருந்தாது என்கிறாயா.

பேட்டை வந்துவிட்டது. எழுந்து நிற்காதே, டவுன் வர இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது. பையைப் பிடியுங்கள் அம்மா. ஏ பிரிவு நிரம்பிவிட்டது என்று ஆபீசில் சொல்வார்கள். எல்லா வருஷமும் முதலில் அப்படித்தான் சொல்வார்கள். நகராமல் நில்லுங்கள். எச்.எம். பதினோரு மணிக்குமேல் நல்ல மனநிலையில் இருப்பார். நான் சொன்னேன் என்று சொல்ல வேண்டாம்.

ஒரு விஷயம், பாப்பா. முதல் நாள் அவள் பெயரைக் கேட்க மாட்டாள். ஒவ்வொருவரிடமும், 'உன் தெருவில் விடிந்ததும் முதலில் கேட்கும் சத்தம் எது' என்று கேட்பாள். காகம் என்று சொல்லிவிடாதே. பாதிப் பேர் அதைத்தான் சொல்வார்கள். அவள் 'சரி' என்பாள், ஆனால் குரல் சின்னதாக இறங்கும், எனக்குத் தெரியும். இன்று ராத்திரி படுக்கும்போது யோசித்து, நாளைக் காலையில் நிஜமாகவே கேட்டுவிட்டுச் சொல்.

நானா? நான் என்ன சொல்லியிருப்பேன் என்றா கேட்கிறாய்? தட்டிக்கு இந்தப் பக்கம் இருப்பவளை அவள் எதற்குக் கேட்கப்போகிறாள். மூன்று ஜூன் மாதமும் அந்தப் பிள்ளைகள் வரிசையாகச் சொல்லிக்கொண்டே வருவார்கள், கடைசி பெஞ்சும் முடிந்துவிடும், மணி அடித்துவிடும்.

பதில் தயாராகத்தான் வைத்திருந்தேன்.